சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள், 12 நாளில் பரீட்சை, அவசர உதவி

கடைசிபெஞ்சு07:
வணக்கம். காலேஜில் என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வந்து மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் வகுப்புக்குள் விடுவார்களாம், இல்லாவிட்டால் ஹால் டிக்கெட்டும் கிடையாதாம். இப்படிச் செய்ய இவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? எங்கே புகார் கொடுப்பது? பரீட்சைக்கு 12 நாள்தான் இருக்கிறது, தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

ஆவணப்பெட்டி:
எதற்காக சஸ்பெண்ட்? எத்தனை நாள்? உத்தரவு கையில் இருக்கிறதா, வாயால் சொன்னதா? அரசுக் கல்லூரியா, உதவி பெறும் கல்லூரியா, சுயநிதியா? இதெல்லாம் தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது ஜோசியம்தான்.

டீக்கோப்பை:
உடனே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு, அதாவது ஆர்.டி.ஐ. போடுங்கள். 10 ரூபாய்தான். எந்த விதியின் கீழ் சஸ்பெண்ட் செய்தீர்கள் என்று கேளுங்கள், அலறிவிடுவார்கள்.

நிழல்குடை:
ராகிங் விவகாரமா? அப்படியென்றால் 1800-180-5522 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 1997லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, இரண்டு வருடம் வரை சிறை.

விதிவிலக்கு:
சேரும்போது ஒழுங்கு விதிகளைப் படித்து ஏற்கிறேன் என்று நீங்களும் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருப்பீர்களே தம்பி, அதை ஒருமுறையாவது புரட்டிப் பார்த்ததுண்டா? எதுவும் படிக்காமல் சேர்ந்துவிட்டு, மாட்டிக்கொண்ட பிறகு ‘அதிகாரம் இருக்கிறதா’ என்று கேட்பதே இந்தத் தலைமுறைக்கு வழக்கமாகிவிட்டது. பத்து வருடமாக இதே கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

கடைசிபெஞ்சு07:
ராகிங் எல்லாம் இல்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இன்டர்னல் மார்க் பற்றி ஒன்று எழுதினேன், அதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து சாரிடம் காட்டிவிட்டார்கள். எச்.ஓ.டி. கூப்பிட்டு ஐ.டி. கார்டை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே போ என்றார். பேப்பர் எதுவும் தரவில்லை. அப்புறம், தம்பி இல்லை.

ஆவணப்பெட்டி:
பேப்பர் தரவில்லை என்பதைத்தான் தங்கச்சி முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். குழுவில் என்ன எழுதினீர்கள் என்பதை அப்படியே போடுங்கள், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு. திட்டியிருந்தால் ஒரு மாதிரி, கேள்வி கேட்டிருந்தால் வேறு மாதிரி. கல்லூரி எந்த வகை என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

முன்னாள்வார்டன்:
நான் ஒரு தனியார் கல்லூரியில் விடுதிக் காப்பாளராகவும் ஒழுங்குக் குழுவிலும் இருந்தவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பெரும்பாலான கல்லூரிகளில் இடைநீக்க உத்தரவு முதல்வர் கையெழுத்தில்தான் போகும். துறைத் தலைவர் வாயால் ‘வெளியே போ’ என்பது சஸ்பென்ஷனே இல்லை, கோபம். ஆனால் அந்த நாட்களுக்கு வருகைப்பதிவில் உங்களுக்கு ஆப்சென்ட் விழுந்துகொண்டே இருக்கும், 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அப்போது நிஜமாகவே ஹால் டிக்கெட்டை நிறுத்தக் காரணம் கிடைத்துவிடும். இன்றைக்கே முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்ன தேதியில் வாய்மொழியாக வகுப்புக்கு வரக்கூடாது என்று சொல்லப்பட்டது, ஐ.டி. கார்டு வாங்கப்பட்டது, என் மீது என்ன குற்றச்சாட்டு என்பதை எழுத்தில் தாருங்கள், விளக்கம் சொல்லத் தயாராக இருக்கிறேன் என்று நாலே வரி. கோபமாக ஒரு வார்த்தை இருக்கக்கூடாது. நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். எழுத்தில் கேட்டதும் பாதி சஸ்பென்ஷன் கரைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

விதிவிலக்கு:
மின்னஞ்சல் அனுப்பி எதிரியாக்கிக்கொள்ளச் சொல்கிறார் வார்டன். நடைமுறை தெரிந்தவர்கள் சொல்வது, ஒரு மன்னிப்புக் கடிதம், முடிந்தது கதை. தனியார் கல்லூரி என்றால் பல்கலைக்கழக மானியக் குழு, அந்த யு.ஜி.சி., ஒன்றும் செய்யப் போவதில்லை.

ஆவணப்பெட்டி:
மன்னிப்புக் கடிதத்தில் ‘நான் செய்த தவறுக்கு’ என்று ஒரு வரி வந்தால் போதும், அது ஒப்புதல் வாக்குமூலமாக உங்கள் கோப்பில் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் அடுத்த பிரச்சினை வரும்போது முதலில் அதைத்தான் எடுப்பார்கள். எழுதியே ஆக வேண்டும் என்றால் ‘என் செய்தி யாரையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்’ என்பதோடு நிறுத்துங்கள்.

யு.ஜி.சி. பற்றிச் சொன்னது தவறு. 2023 ஏப்ரலில் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் தனியார் கல்லூரிகளுக்கும் சேர்த்துத்தான். ஒரு பேராசிரியர் தலைமையில் மாணவர் குறைதீர்ப்புக் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும், அதில் குறைந்தது ஒருவர் பெண். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை கொடுத்துவிடுவது நல்லது என்று சொல்கிறது, அதன் நகல் மாணவருக்கும் தரவேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் ஓம்பட்ஸ்பெர்சனிடம், அதாவது குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு. பொறியியல் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் (ஏ.ஐ.சி.டி.இ.) தனியாக விதி வைத்திருக்கிறது, அதனால்தான் எந்தக் கல்லூரி என்று தொண்டை வற்றக் கேட்கிறேன்.

டீக்கோப்பை:
ஆர்.டி.ஐ. பற்றி யாரும் பேசவே இல்லையே.

முன்னாள்வார்டன்:
சுயநிதிக் கல்லூரிக்கு நேரடியாகப் போட முடியாது சார், பல்கலைக்கழகம் வழியாகத்தான் கேட்க வேண்டும். பதில் சொல்ல 30 நாள் அவகாசம். பிள்ளைக்குப் பரீட்சை 12 நாளில். பதில் வரும்போது அது அரியர் எழுதிக்கொண்டிருக்கும்.

விதிவிலக்கு:
குற்றச்சாட்டை எழுத்தில் கேள், சாட்சி யார் என்று கேள் என்று ஏற்றிவிடுகிறீர்கள். ராஜேந்திரா மருத்துவக் கல்லூரி வழக்கு தெரியுமா? 1973, உச்ச நீதிமன்றம். பெண்கள் விடுதிக்குள் இரவில் நுழைந்த மாணவர்களை, புகார் கொடுத்த பெண்களின் பெயரைக்கூடச் சொல்லாமல், அவர்களை எதிரில் வைத்து விசாரிக்காமல் கல்லூரி நீக்கியது. நீதிமன்றம் சரி என்றது. கல்லூரி கோர்ட் இல்லை.

ஆவணப்பெட்டி:
பாதி வழக்கைச் சொல்கிறீர்கள். அங்கேயும் மாணவர்களைக் கூப்பிட்டுக் குற்றச்சாட்டைக் காட்டி விளக்கம் வாங்கினார்கள், பெண்களின் பாதுகாப்புக்காகப் பெயரை மட்டும் மறைத்தார்கள். அதற்கு முன்னால் 1962லேயே உத்தரப் பிரதேசத் தேர்வு வாரியத்தின் வழக்கில், மாணவரைக் கேட்காமலே தேர்வு முடிவை ரத்து செய்தது செல்லாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே ஒரு ஸ்கிரீன்ஷாட், அதை எடுத்தவர் உயிருக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாரா என்ன?

விதிவிலக்கு:
வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் நம்பகமில்லை என்று அடுத்து வருவீர்கள்.

நிழல்குடை:
அது உண்மைதான், இப்போது போலி ஸ்கிரீன்ஷாட் செய்வதற்கே செயலிகள் இருக்கின்றன. என் தம்பியின் வகுப்பில் ஒருவன் இப்படித்தான் வாத்தியார் பேரில் ஒன்று செய்து...

முன்னாள்வார்டன்:
ஐயா, கேட்ட பிள்ளை எங்கே போயிற்று? நாம்தான் கத்திக்கொண்டிருக்கிறோம்.

கடைசிபெஞ்சு07:
சாரி, அப்பா பக்கத்தில் இருந்தார், போன் எடுக்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார், அதனால்தான் பெற்றோரைக் கூட்டி வா என்பதற்கு இவ்வளவு பயம்.

சுயநிதி கலைக்கல்லூரி. நான் எழுதியது, “விடைத்தாளையே காட்டாமல் எந்தக் கணக்கில் 11 போட்டார்கள், மூன்று பேருக்கும் ஒரே மார்க்கா” என்று. அவ்வளவுதான், கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. இதற்கு இரண்டு வாரம் முன்னால் இதே மார்க் விஷயமாக காலேஜ் வெப்சைட்டில் இருக்கும் புகார்ப் படிவத்தில் ஒரு புகார் போட்டிருந்தேன், அதற்குப் பதிலே இல்லை. அது இதற்குச் சம்பந்தமில்லை என்று நினைத்து முதலில் சொல்லவில்லை.

ஆவணப்பெட்டி:
சம்பந்தமில்லையா! அம்மா தாயே. முதல் வரியில் வரவேண்டியது கடைசியில் வருகிறது.

அந்தப் புகாரை அனுப்பியதும் ஒப்புகை மின்னஞ்சலோ புகார் எண்ணோ வந்திருக்கும், தேடி எடுங்கள். வரவில்லை என்றால் படிவத்தை அனுப்பியதற்கு வேறு ஏதாவது அடையாளம் இருக்கிறதா பாருங்கள். நியாயமற்ற மதிப்பீடு அந்த யு.ஜி.சி. விதிமுறையிலேயே குறை என்று பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது, மாணவரைப் பழிவாங்குவதும்தான். இணையத்தில் வந்த புகாரை 15 நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்பியிருக்க வேண்டியவர்கள் அனுப்பவில்லை, புகார் கொடுத்த பிள்ளை வெளியே நிற்கிறது. முதல்வருக்கு எழுதும் மின்னஞ்சலில் வார்டன் சொன்ன நாலு வரிக்குக் கீழே ஐந்தாவதாக, “இன்ன தேதியில் நான் கொடுத்த இன்ன எண் புகார் நிலுவையில் இருக்கிறது” என்று சேர்த்துவிடுங்கள். பழிவாங்குகிறார்கள் என்று நீங்கள் எழுதவேண்டாம். தேதிகளைப் பார்த்து அவர்களே புரிந்துகொள்வார்கள். நகல் குறைதீர்ப்புக் குழுவுக்கு.

இன்னொன்று, ஓம்பட்ஸ்பெர்சன் வரை போய்ப் புகார் பொய் என்று ஆனால் கொடுத்தவர் மீதே நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம். அதனால் மூன்று பேருக்கும் ஒரே மார்க் என்பதற்குப் பட்டியலின் படம் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

முன்னாள்வார்டன்:
பெற்றோர் விஷயம். அப்பாதான் வரவேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்காது. எங்கள் அலுவலகத்தில் அம்மா வந்தாலும் பதிவேட்டில் ‘பெற்றோர்’ என்றே எழுதிக்கொள்வோம். அம்மாவிடம் இன்றிரவே முழுக்கச் சொல்லிவிடுங்கள், அந்த வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி. அங்கே போய் அவர் முதல்முறையாகக் கேட்கக்கூடாது.

விதிவிலக்கு:
முன்பே புகார் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நானும் வேறு மாதிரிதான் சொல்லியிருப்பேன். விவரம் சொல்லாமல் கேட்டால் இப்படித்தான். மார்க் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள்.

டீக்கோப்பை:
பல்கலைக்கழகத்துக்கு ஆர்.டி.ஐ. போட்டு விடைத்தாள் நகல் கேட்கலாமே?

முன்னாள்வார்டன்:
இன்டர்னல் தாள் கல்லூரியிலேயே இருக்கும் சார்.

*நான்கு நாள் கழித்து*

கடைசிபெஞ்சு07:
அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மெயில் அனுப்பிய மறுநாளே ஆபீசிலிருந்து போன் வந்தது. கார்டு கொடுத்துவிட்டார்கள், ஹால் டிக்கெட்டும் வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி, படிக்கவேண்டும்.

ஆவணப்பெட்டி:
நல்லது. கடிதம் எழுதிக் கொடுத்தீர்களா? வராத நாட்களுக்கு வருகைப்பதிவில் என்ன போட்டார்கள்? மார்க் புகார் என்ன ஆயிற்று?

நிழல்குடை:
பரீட்சை முடிந்ததும் வந்து சொல்லுங்கள் தங்கச்சி.

ஆவணப்பெட்டி:
இரண்டு மாதம் ஆகிறது. இருக்கிறீர்களா?