சிம்கோ ஏரிக்கு ஐஸ் மீன்பிடிக்கப் போகிற தம்பிமாருக்கு

ரொறன்ரோ ஸ்காபரோவுக்கு வந்து முதல் குளிர்காலம், உறைந்த ஏரியில் ஐஸைத் துளைத்து மீன்பிடிக்க வேலையிடத்தில் கூப்பிடுகிறார்கள், போகலாமா அண்ணை என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். போங்கள். ஆனால் முதல் தடவையே கூடாரம் வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள். அங்கே ஐஸின் மேல் வைக்கிற சின்னக் குடிலை, அதுதான் ஹட், வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏற்றிக்கொண்டு போய், துளை போட்டுத் தந்து, பின்னேரம் கரையில் கொண்டுவந்து விடுவார்கள்.

சொந்தக் கூடாரம்தான் என்றால், எனக்கு ஐஸைவிட ஹீட்டரில்தான் பயம். நானும் ஒரு நண்பரும் முதல் வருடம் காற்று நுழையக் கூடாதென்று அடிவிளிம்பைச் சுற்றிப் பனியை அள்ளி அடைத்து, ஜிப்பையும் இழுத்துவிட்டு, புரொப்பேன் ஹீட்டரைக் கொளுத்திவிட்டு இருந்தோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் தலையிடி. நித்திரை காணாது என்று நினைத்தோம், பாருங்கள்! ஹீட்டரிலிருந்து வருகிற கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று காற்றுவழி திறந்தே இருக்க வேண்டும், அந்த வாயு வந்தால் சத்தம் போடுகிற பற்றரி அலாரம் ஒன்றும் வேண்டும். தலை சுற்றினால் தூண்டிலை விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

நடப்பதற்குக் குறைந்தது 15 செ.மீ. ஐஸ் என்கிறது கனடியச் செஞ்சிலுவைச் சங்கம். அது கண்ணாடி மாதிரித் தெளிந்த ஐஸுக்கு. வெள்ளை ஐஸ் பலம் குறைந்தது. "அங்கே ஆட்கள் நிற்கிறார்கள்தானே" என்பது அளவுகோல் இல்லை, நீங்களே துளைத்து அளந்து பாருங்கள். விழுந்தால் ஐஸில் குத்தி ஏற இரண்டு ஐஸ் ஊசிகளைக் கழுத்தில் தொங்கவிடுங்கள், பையில் இருந்து பிரயோசனம் இல்லை.

சரி, சட்டம். 18 முதல் 64 வயது வரை மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். ஒன்ராறியோவில் தொடர்ந்து ஆறு மாதம் இருக்காதவர்களுக்கு உள்ளூர்க் கட்டணம் கிடைக்காது. சிம்கோவில் ஒருவருக்கு இரண்டு தூண்டில், உங்களிடமிருந்து 60 மீற்றருக்குள், எப்போதும் கண்ணில் படும்படி. 7 சதுர மீற்றருக்கு மேற்படாத துணிக் கூடாரத்துக்குப் பதிவு தேவையில்லை. பலகை ஹட்டுக்கு வேண்டும், இலவசம்தான். அந்தப் பதிவு இலக்கம் வெளியே 6.3 செ.மீ. உயரத்துக்காவது தெரிய வேண்டும்.

மார்ச் 15க்குள் ஹட்டை ஏரியிலிருந்து எடுத்துவிட வேண்டும், அதற்கு முன்பே ஐஸ் இளகினால் அப்போதே. வைக்கிற அன்றே அடியில் மரக்கட்டை கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஐஸோடு சேர்ந்து உறைந்து, கோடரியோடு நின்று கொத்த வேண்டிவரும்.