கையில் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் மட்டும்தான், உதவித்தொகை வர 3 வாரம்: வேறு எப்படிச் சமைக்கலாம்?

குடந்தைப்பெண்
எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே வந்து 9 நாள் ஆகிறது. உதவித்தொகை வர இன்னும் 3 வாரம் ஆகுமாம். வெளிநாட்டவர் பதிவு அட்டை கைக்கு வரவில்லை, அதனால் வங்கிக் கணக்கும் இல்லை. மலிவாக இருக்கிறதே என்று ஒரு பெட்டி நூடுல்ஸ், 20 பாக்கெட், வாங்கி வைத்தேன். 4 நாளாக இரண்டு வேளையும் அதுதான். நேற்று ராத்திரி ஒரு வாய் வைத்ததுமே குமட்டிவிட்டது. அழுதுகொண்டே படுத்தேன். வீட்டில் சொல்லவில்லை. இதையே வேறு ருசியில் செய்ய வழி இருந்தால் சொல்லுங்கள், அவசரம்.

பிராம்ப்டன் சித்தப்பா
அம்மாடி, முதலில் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல். நான் கனடாவில் ஒரு ஜனவரியில் வந்து இறங்கியவன். பேஸ்மென்ட்டில் ஒரே அறை, நாங்கள் நாலு பேர். பஸ்ஸுக்குக் காசு மிச்சம் பிடிக்க 40 நிமிடம் பனியில் நடந்து வேலைக்குப் போவேன். ராத்திரி நூடுல்ஸில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கிக் குடிப்போம். இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஊரில் 5 மாதம் பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் பசியைவிட அதிகமாக வலித்தது.

ஒசாகாவாசி
முட்டையைக் கலக்காதீர்கள், சாறு குழம்பிவிடும். கொதிக்கிற தண்ணீரில் ஆறரை நிமிடம் வேகவைத்து, குளிர்ந்த நீரில் போட்டு உரித்துப் பாதியாக வெட்டி மேலே வையுங்கள். ஜப்பானில் சப்போரோ பக்கத்தில், மிசோ என்கிற சோயா விழுது சேர்த்த ராமென் நூடுல்ஸில் ஒரு துண்டு வெண்ணெயும் மக்காச்சோள முத்தும் போடுவார்கள், பாக்கெட் ராமெனுக்கும் அது நன்றாகப் பொருந்தும். பொடி முழுவதையும் போட்டால்தான் ருசி.

சியோல் அக்கா
முழுப் பொடி வேண்டவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே இருக்கச் சொல்கிறது. பல பாக்கெட்டுகளில் ஒன்றிலேயே 1,700க்கு மேல் போகிறது. இரண்டு வேளையும் அதைக் குடித்தால் குமட்டாமல் என்ன செய்யும்?
தங்கச்சி, நீ எந்த நாடு? அடுப்பு இருக்கிறதா? சைவமா அசைவமா?

குடந்தைப்பெண்
மன்னிக்கணும் அக்கா. தென் கொரியா, தேஜான். கோஷிவோன் என்கிற சின்ன வாடகை அறை. கீழே பொது அடுப்படி இருக்கிறது, மின்சார அடுப்பு, ஒரு வாணலி. சோறும் கிம்ச்சி என்கிற புளித்த கோஸ் ஊறுகாயும் அங்கேயே இலவசமாக வைத்திருக்கிறார்கள். நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது.
சைவமா என்று கேட்டதும்தான் நெஞ்சு பதறுகிறது. பாக்கெட்டில் எல்லாம் கொரிய எழுத்து. இதில் இறைச்சி இருக்குமா?

சியோல் அக்கா
இருக்க வாய்ப்பு அதிகம் தங்கச்சி. இங்கே ராமியோன் என்கிற இன்ஸ்டன்ட் நூடுல்ஸின் சிவப்புச் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில்தான். தெரியாமல் சாப்பிட்டதற்காக மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. எனக்கும் முதல் மாதம் இதேதான் நடந்தது.
பாக்கெட்டின் பின்பக்கம் போன் கேமராவைப் பிடித்து மொழிபெயர்த்துப் பார். 'ஹம்யூ' (அடங்கியது) என்று முடிகிற சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். ஒவ்வாமை தரும் பொருட்களை அதில்தான் போடுவார்கள். சேகோகி மாடு, த்வேஜிகோகி பன்றி, தக்கோகி கோழி. நூடுல்ஸில் என்ன இருக்கிறது, பொடியில் என்ன இருக்கிறது என்று பொருட்பட்டியலில் பிரித்தும் போட்டிருப்பார்கள்.
கிம்ச்சியிலும் கவனம். பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்த்திருப்பார்கள்.

ஆன்சன் அண்ணை
நான் யாழ்ப்பாணம், ஆன்சனில் தொழிற்சாலை வேலை. தங்கச்சி, பொடியை எறிஞ்சுபோட்டுக் கொத்து போடுங்கோ. நூடுல்ஸை அரைப்பதமாக அவிச்சு வடிச்சு, கோவா (முட்டைக்கோஸ்), கரட், லீக்ஸ், பச்சை மிளகாய் வதக்கி, அதுக்குள்ள போட்டு இரண்டு அகப்பையால கொத்துங்கோ. கடைசியில மிளகுத்தூளும் தேசிக்காய்ப்புளியும் (எலுமிச்சைச் சாறு). ஞாயிற்றுக்கிழமை எங்கட அறையில 8 பேருக்கும் இதுதான். ஊர்க் கொத்துச் சத்தம் கேட்டாலே பாதிப் பசி ஆறிடும்.

தேகு ஆராய்ச்சியாளன்
கறிவேப்பிலை இல்லாமல் எதைச் செய்து என்ன? வெண்டைக்காய் கண்ணிலேயே படுவதில்லை. பழம் விலையைக் கேட்டால் திரும்பி வந்துவிடுவேன். தயிர் என்று வாங்கினால் சர்க்கரை. ஆய்வகத்தில் மாதம் ஒரு விருந்து வைக்கிறார்கள், எல்லோரும் பன்றி வாட்டும்போது நான் கீரை இலையை மென்றுகொண்டிருப்பேன்.

பிராம்ப்டன் சித்தப்பா
தம்பி, எங்கள் ஊரில் இப்போது முருங்கைக்காய் வரை கிடைக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கட்டு கறிவேப்பிலைக்கு…

சியோல் அக்கா
சித்தப்பா, அந்தக் கதையை அப்புறம் கேட்கிறேன், இந்தப் பெண் பசியோடு இருக்கிறாள். தங்கச்சி, ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் வேறு என்ன இருக்கிறது? அம்மா ஏதாவது கொடுத்து அனுப்பினார்களா?

குடந்தைப்பெண்
படித்துப் பார்த்தேன் அக்கா. பொடியில் மாடு. நூடுல்ஸில் கோதுமை மாவு, ஸ்டார்ச், பாமாயில்தான், இறைச்சி இல்லை. பொடி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.
அம்மா பருப்புப் பொடி, ரசப்பொடி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொடுத்தார்கள். சோற்றுக்கென்று வைத்திருந்தேன்.

சியோல் அக்கா
புளிக்காய்ச்சலா! உன் 3 வாரம் அந்தப் பாட்டிலுக்குள் இருக்கிறது. இனிமேல் அதை ராமியோன் என்று நினைக்காதே, சேவை (இடியாப்பம்) என்று நினை. நம் வீட்டில் சேவைக்கு என்னவெல்லாம் செய்வோமோ அத்தனையும் இதற்குச் செய்யலாம்.
நிறையத் தண்ணீரில் 2 நிமிடம் மட்டும் வேகவை. வடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசு, பொரித்த எண்ணெய் கொஞ்சமும் மாவுப் பசையும் போய்விடும். நன்றாக வடியவிட்டு அரை ஸ்பூன் எண்ணெய் பிசறி வை. இதைச் செய்யாவிட்டால் கட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வாணலியில் வேர்க்கடலை வறுத்து, ஒன்றரை ஸ்பூன் புளிக்காய்ச்சல் போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு நூடுல்ஸைப் புரட்டு. நல்லெண்ணெய்க்கு இங்கே சம்கிரும் கிடைக்கும். அது வறுத்த எள்ளின் எண்ணெய், வாசனை தூக்கலாக இருக்கும், நாலு சொட்டுப் போதும்.
இன்னொரு நாள் ரசம் வை. ஒரு தக்காளி, இரண்டு பல் பூண்டு, ரசப்பொடி, உப்பு. நுரை கட்டும்போது அரை வட்டு நூடுல்ஸும் ஒரு பிடி கொங்நமுல் என்கிற சோயா முளையும் போடு. மீந்த சாற்றில் அந்த இலவசச் சோற்றைக் கரைத்துச் சாப்பிடு. கொரியர்களும் ராமியோன் சாற்றில் சோறு போட்டுத்தான் முடிப்பார்கள்.
வெறும் நூடுல்ஸில் சத்து குறைவு, தினமும் ஒரு துண்டு தூபு (சோயா பனீர்) வாங்கி வாட்டிச் சேர்த்துக்கொள். பெட்டி தீர்ந்ததும் ஒட்டோகியின் 'சேஹ்வாங்' தேடிப் பார், சைவ ராமியோன்.

தேகு ஆராய்ச்சியாளன்
புலம்பியதற்கு மன்னிக்கவும். அட்டை விஷயம்: வந்த 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், குடிவரவுத் துறையின் ஹைகொரியா இணையதளத்தில் இன்றே நேரம் எடுங்கள், தள்ளிப் போட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். சில வங்கிக் கிளைகள் பாஸ்போர்ட்டும் சேர்க்கைச் சான்றும் பார்த்துக் கணக்கு திறக்கின்றன, பணம் எடுக்க வரம்பு இருக்கும். பேராசிரியரிடமும் நிலைமையைச் சொல்லிவிடுங்கள்.

குடந்தைப்பெண்
புளி சேவை செய்தேன். வேர்க்கடலை இல்லை, பருப்புப் பொடி தூவிக்கொண்டேன். வாணலியையே வழித்துச் சாப்பிட்டேன். அம்மாவுக்கு வீடியோவில் காட்டி எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. செவ்வாய்க்கிழமை அட்டைக்கு நேரம் கிடைத்திருக்கிறது. இன்னும் 11 பாக்கெட் இருக்கிறது, நாளைக்கு ரசம்.

ஆன்சன் அண்ணை
லீக்ஸ் கிடைக்காட்டி இங்கத்தைய பெரிய வெங்காயத்தாள் போடுங்கோ தங்கச்சி, கொத்துக்கு அதுவும் நல்லாயிருக்கும்.