ஏத்தத்துல சூடானா கிளட்ச் ஸ்லிப்: செட் மாத்தறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

கோத்தகிரி லோடு:
2008 மாடல் டீசல் பிக்கப், ஹைட்ராலிக் கிளட்ச் (பெடல் மிதிச்சா ஆயில் அழுத்தத்துல வேலை செய்யறது). மேட்டுப்பாளையத்துல கேரட் இறக்கிட்டு உரம் ஏத்தி வரும்போது, குஞ்சப்பனை தாண்டினதும் மூணாவது கியர்ல ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வண்டி இழுக்கல. கருகின வாடை வேற. அரை மணி நேரம் ஆறவிட்டா இழுக்குது. கியர் எல்லாம் சுத்தமா விழுது. ஒர்க்‌ஷாப்ல முழு கிளட்ச் செட்டும் (பிளேட், பிரஷர் பிளேட், பேரிங்) மாத்தச் சொல்றாங்க. கியர்பாக்ஸ் இறக்காம முடியுமா?

குன்னூர் டீசல்:
ஆறினா சரியாகுதுன்னா முதல்ல ஹைட்ராலிக்கைப் பாருங்க அண்ணா. பெடலைக் கையால அமுக்கினா சில மில்லிமீட்டர் சும்மா போகணும். அது இல்லைன்னா மாஸ்டர் சிலிண்டருக்குள்ள (பெடலோட சேர்ந்தது) பிரேக் ஆயில் திரும்பற சின்ன ஓட்டை மூடியே கிடக்கும். சூட்டுல ஆயில் விரியும், ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வழியில்லாம ஸ்லேவ் சிலிண்டரை (கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சை விடுவிக்கறது) தள்ளும். பாதி பெடல் மிதிச்ச மாதிரிதான் வண்டி ஓடும். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பினாலும் இதே கதைதான்.

ஸ்லிப் ஆகும்போதே சமதளத்துல ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வெச்சு, இன்ஜினை அணைச்சிட்டு ஸ்லேவ் சிலிண்டர்ல ஆயில் வெளியே விடற நிப்பிளைக் கால் சுத்து திறங்க. ஆயில் பீய்ச்சி அடிச்சு, அப்புறம் வண்டி நல்லா இழுத்தா கோளாறு லைன்லதான். கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம். பெடலை மிதிக்கறதுக்கு முன்னாடி நிப்பிளை மூடிடணும், இல்லைன்னா ஏர் ஏறிடும். ஆயில் சூடா இருக்கும், முகத்தைத் தள்ளி வெச்சுக்கங்க.

கோத்தகிரி லோடு:
திறந்து பார்த்தேன், சொட்டு சொட்டாத்தான் வந்துச்சு. ஸ்லிப் குறையல. பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கற கூடு) அடியில எண்ணெய்ப் பிசுக்கு இருக்கு.

கேத்தி ஸ்பேனர்:
அப்போ கோளாறு லைன்ல இல்லை, உள்ளே பிளேட் எண்ணெய்ல நனைஞ்சிருக்கும். கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். ஆனா வெறும் செட் மட்டும் போட்டுட்டு ஏத்திடாதீங்க, எண்ணெய் எங்கிருந்து வருதுன்னு பார்க்காம விட்டா புது பிளேட்டும் நனைஞ்சு போகும். கறுப்பா இருந்தா கிராங்க் பின்பக்க ஆயில் சீல். கெட்டியா, கந்தக வாடை அடிச்சா கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். ரெண்டுமே அதிக விலையில்லை. வண்டி பிரிச்சுக் கிடக்கும்போதே ரெண்டையும் மாத்திடுங்க.

எண்ணெய் ஊறின ஃபேசிங்கை (பிளேட் மேல உராயற பட்டை) பெட்ரோல்ல கழுவிப் போடறது வீண் வேலை. உள்ளே இழுத்தது சூடானதும் திரும்பக் கசியும். ஃபேசிங் மேலிருந்து ரிவெட் தலை வரைக்கும் 0.3 மி.மீ. ஆழம்கூட இல்லைன்னா எண்ணெய் படாத பிளேட்டும் கழிவுதான். பிளைவீல்ல (பிளேட் ஒட்டி நிக்கற இன்ஜின் சக்கரம்) நீலத்திட்டோ முடி மாதிரி வெடிப்போ இருக்கான்னு பாருங்க. திட்டு லேசா இருந்தா லேத்துல முகம் எடுக்கலாம், வெடிப்பு ஆழமா இருந்தா மாத்தணும்.

ஏத்தும்போது டம்மி ஷாஃப்ட் (இன்புட் ஷாஃப்ட் மாதிரி அளவுக் கம்பி) போட்டு பிளேட்டை நடுவுல நிறுத்துங்க. பிரஷர் பிளேட் போல்ட்டை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். ஒரு பக்கமே இறுக்கினா கவர் கோணி, கிளட்ச் விடும்போது வண்டி உதறும். ஸ்ப்ளைன்ல (இன்புட் ஷாஃப்ட் மேல இருக்கற பல் வரிகள்) கிரீஸ் மெல்லிசா ஒரு பூச்சு போதும். அதிகமானா தெறிச்சு ஃபேசிங்ல ஒட்டும். பைலட் பேரிங்கையும் (இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்கறது) விரல்ல சுத்திப் பாருங்க, பலர் விட்டுடறாங்க.

பர்லியார் ரோடு:
கூடவே பிரேக் ஆயிலையும் மாத்திடுங்க, டப்பா மூடியில போட்டிருக்கற டாட் (DOT, பிரேக் ஆயில் ரகம்) நம்பர்தான். நம்ம ஊர் மூடுபனிக்கு அது ஈரத்தை இழுக்கும், சிலிண்டர் உள்ளே அரிக்கும். புது பிளேட் நல்லாப் படிய முதல் சில நூறு கிலோமீட்டர் முழு லோடு வேண்டாம். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடியே ரெண்டாவது கியருக்கு வந்துடுங்க. ஏத்தத்துல நிக்கும்போது ஹேண்ட்பிரேக்தான் வண்டியைப் பிடிக்கணும், கிளட்ச் இல்லை.