பழைய சுங்குடிப் புடவைகளில் ஒட்டுப்போர்வை

கேள்வி:
அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகளைச் சதுரங்களாக வெட்டி, புதிய பருத்தித் துணியோடு இணைத்துப் போர்வை தைக்க விரும்புகிறேன். துவைக்கும்போது சாயம் பரவாமலும் துணி சுருங்காமலும் இருக்க என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1:
புதிய பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும்; பழைய புடவை பெரும்பாலும் சுருங்கி முடிந்திருக்கும். ஆகவே புதுத்துணியை வெட்டுவதற்கு முன்பே துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள். அடர்சிவப்பு, கருநீலத் துணிகளை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், எவ்வளவு அழகான துணியானாலும் அதைச் சேர்க்காதீர்கள்.

மறுமொழி 2:
சகோதரி, புடவையில் கொசுவம் வரும் பகுதியும் கீழ் ஓரமும் விரைவில் நைந்துபோவதால், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை விலகிய இடங்களை ஒதுக்கிவிடுங்கள். அடுக்குகளைப் பிணைக்கும் ஓட்டுத்தையலை நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் போடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. முந்தானைகளை மட்டும் வெட்டாமல் முழுதாக ஓரப்பட்டையாக வைக்கலாமா?

மறுமொழி 2:
தாராளமாக வைக்கலாம், பின்புறம் மெல்லிய மல் துணி கொடுத்துத் தையுங்கள்.