எப்போதாவது ஓடும் கார்களுக்கு எந்த பேட்டரி சார்ஜர் வாங்கலாம்?

நிழல்வண்டி எழுதியது:

நண்பர்களே, வீட்டில் இரண்டு கார். ஒன்று பழைய பெட்ரோல் வண்டி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் சாதாரண பேட்டரி, 45 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு). இன்னொன்று சிக்னலில் நின்றால் என்ஜின் தானே அணைந்து கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள புதிய வண்டி, ஏஜிஎம் பேட்டரி (தண்ணீர் ஊற்ற முடியாத சீல் வகை), 70 ஏஎச். வேலை வீட்டிலிருந்தே என்று ஆனதிலிருந்து இரண்டும் பெரும்பாலும் சும்மாதான் நிற்கின்றன, மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை எடுத்தால் பெரிய விஷயம். பழையதில் சாவியைத் திருப்பினால் டக் டக் சத்தம் மட்டும்தான், செல்ஃப் எடுப்பதே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஜம்ப் கேபிளோடு யாரையாவது தேடிப் போக வேண்டியிருக்கிறது.

சார்ஜர் வாங்கலாம் என்று பார்த்தால் 1 ஆம்பியரில் இருக்கிறது, 5-இல் இருக்கிறது, 10-இல் இருக்கிறது. பெரிதாக வாங்கு, சீக்கிரம் ஏறும் என்கிறார் ஒருவர். சின்னதுதான் பேட்டரிக்கு நல்லது என்கிறார் இன்னொருவர். ஒரே சார்ஜர் இரண்டுக்கும் ஆகுமா? மாட்டினபடியே வாரக்கணக்கில் விட்டுவிடலாமா? வாரம் ஒரு தடவை கால்மணி நேரம் என்ஜினை ஓடவிட்டால் இதெல்லாம் தேவையே இல்லையா? பழைய கார் பக்கத்தில் பிளக் பாயிண்ட் உண்டு, புதியது நிற்கும் இடத்தில் கிடையாது.

ஆசிட்வாசம் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். நின்ற இடத்தில் கால்மணி நேரம் ஓடவிடுவது பேட்டரிக்கும் உதவாது, என்ஜினுக்கும் உதவாது. ஐடிலில் ஆல்டர்னேட்டர், அதாவது என்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் கருவி, குறைவாகத்தான் கொடுக்கும், அதிலும் ஃபேன், ஏசி, லைட் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியமான விஷயம், லெட் ஆசிட் பேட்டரியில் (உங்கள் இரண்டுமே அந்த வகைதான்) முதல் எண்பது சதவீதம் வேகமாக ஏறும், கடைசி இருபதுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அந்தக் கடைசிப் பகுதி ஏறாமலே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். நிற்கும் கார்களின் பேட்டரி பெரும்பாலும் இதனால்தான் சாகிறது.

அடுத்து ஆம்பியர். எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள், உங்கள் தேவைக்கு அது இரண்டாம் பட்சம். நீங்கள் பார்க்க வேண்டியது முழுதாக ஏறின பிறகு அந்த சார்ஜர் என்ன செய்கிறது என்பதை. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை சார்ஜர் நிறுத்தத் தெரியாதது, பேட்டரி நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும், தண்ணீர் கொதித்து வற்றும், ஹைட்ரஜன் கிளம்பும். அதை மாட்டிவிட்டு ஊருக்குப் போக முடியாது. ஸ்மார்ட் சார்ஜர் என்று விற்பவை முதலில் முழு ஆம்பியரில் ஏற்றும், 14.4 வோல்ட் அளவுக்கு வந்ததும் வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு ஆம்பியரைக் குறைத்துக்கொண்டே வரும், கடைசியில் 13.5 வாக்கில் இறங்கி நிற்கும். இந்தக் கடைசி நிலையைத்தான் ஃப்ளோட் என்பார்கள். சிடெக், நோகோ போன்றவர்கள் செய்வது இந்த வகைதான், வேறு பெயர்களிலும் கிடைக்கிறது. பெட்டியில் ஃப்ளோட் அல்லது மெயின்டனன்ஸ் என்று தெளிவாகப் போட்டிருந்தால் வாரக்கணக்கில் விடலாம்.

பேட்டரி ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது பழைய கணக்கு, இன்றும் சரிதான். உங்கள் இரண்டு பேட்டரிக்கும் 5 ஆம்பியர் பொருத்தம். ஏறின பேட்டரியை அப்படியே வைத்திருக்க 1 ஆம்பியரே தாராளம், ஆனால் 70 ஏஎச் பேட்டரி காலியாகிவிட்டால் அதே 1 ஆம்பியர் மூன்று நாளுக்கு மேல் உட்கார வைத்துவிடும். 10 ஆம்பியர் வாங்குவதால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை, ராத்திரி போட்டுக் காலையில் எடுக்கப் போகிறீர்கள், அவ்வளவுதானே.

வயர்மேன்2 எழுதியது:

சார்ஜர் வாங்கும் முன் கரண்ட் எங்கே கசிகிறது என்று பாருங்கள். வண்டி பூட்டிக் கிடந்தாலும் அலாரம், ரிமோட் லாக், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சகஜம் என்று விட்டுவிடலாம். அந்தச் சகஜமே ஒரு நாளைக்கு 1.2 ஏஎச், முப்பது நாளில் 36. உங்கள் 45 ஏஎச் பேட்டரியில் மிச்சம் என்ன இருக்கும், நீங்களே கணக்குப் போடுங்கள், பாதி இறங்கும்போதே பல வண்டிகள் செல்ஃப் எடுக்கத் தடுமாறும். இதில் டேஷ்கேம் பார்க்கிங் மோடில் ஓடினாலோ, ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டியிருந்தாலோ சில நாட்களிலேயே கதை முடிந்தது.

அளக்க, மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் என்று போட்ட துளையில் மாற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரைப் போடுங்கள். கதவைத் திறக்காமல் அரை மணி, முக்கால் மணி காத்திருங்கள், அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கப்போகும், முதலில் காட்டும் பெரிய எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டர் பியூஸ் போய்விடும்.

பத்தாம்நம்பர்ஸ்பேனர் எழுதியது:

எதற்கு இவ்வளவு? பழைய வண்டிதானே, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும், நான் வருடக்கணக்கில் அதைத்தான் செய்கிறேன். தானாகக் குறைவது மாதத்துக்குச் சில சதவீதம்தான், வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம். கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷனும் போகும், பெரிய நஷ்டம் இல்லை. ஸ்டீரியோவுக்கு கோட் இருந்தால் அதை முதலில் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிட்வாசம் எழுதியது:

ஸ்பேனர்காரர் சொல்வது பழைய வண்டிக்குச் சரி, பிளக் பாயிண்ட் இல்லாதவர்களுக்கு அதுதான் முதல் வழி. ஆனால் ஏறாத பேட்டரியைக் கழற்றி வைத்தால் ஏறாத பேட்டரியாகவேதான் கிடக்கும். முழுதாக ஏற்றிவிட்டுக் கழற்றுங்கள். புதிய வண்டிகளில் கழற்றினால் பவர் விண்டோவின் ஆட்டோ அளவு, இன்னும் சில செட்டிங் எல்லாம் மறந்துபோகும், பேட்டரி டிக்கியில் இருந்து டிக்கிப் பூட்டும் கரண்ட்டில் ஓடுவதாக இருந்தால் கழற்றியபின் மூடும் முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

கறுப்புகிளிப் எழுதியது:

ஏஜிஎம் வண்டியைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். சார்ஜரில் ஏஜிஎம் என்று தனி மோடு இருக்க வேண்டும், அதில் வோல்ட் சற்றுக் கூடுதலாக, 14.7 வரை போகும். ரீகண்டிஷன் என்று இன்னொரு பொத்தான் இருக்கும், அது 15.5-ஐத் தாண்டித் தள்ளுவது. தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு எப்போதாவது போடலாம், அதையும் காரிலிருந்து கழற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்துத்தான். ஏஜிஎம்மில் சீல் உள்ளே இருக்கும் ஈரம் போனால் திரும்ப ஊற்ற வழியில்லை, அந்தப் பொத்தானை மறந்துவிடுங்கள்.

ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளில் பெரும்பாலும் நெகட்டிவ் டெர்மினல் மேலேயே ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும், எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். சார்ஜரின் கறுப்பு கிளிப்பை நேரே பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கடிக்கவிட்டால் சென்சாரைத் தாண்டிக் கரண்ட் உள்ளே போய்விடும், பேட்டரி நிறைந்திருந்தும் வண்டிக்குத் தெரியாது, ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாமல் அடம் பிடிக்கும். அதனால் கறுப்பை என்ஜின் பக்கம் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டிலோ, எர்த் முனை கொடுத்திருந்தால் அதிலோ போடுங்கள். எல்லா வண்டிக்குமே இந்த வழக்கம் நல்லது, கடைசியாகப் போடும் கிளிப்பில் பொறி தெறித்தால் அது பேட்டரியிலிருந்து தள்ளி இருக்கட்டும். சிவப்பு முதலில், கறுப்பு அடுத்து, சுவர் ஸ்விட்ச் கடைசியில். எடுக்கும்போது தலைகீழ்.

அடிக்கடி கிளிப் போட்டு எடுக்க அலுப்பாக இருந்தால், வளைய முனையும் பியூஸும் உள்ள ஒரு வயர் சார்ஜரோடு வரும், அதை நிரந்தரமாக மாட்டி நுனியை கிரில் வழியாக வெளியே விட்டால் சொருகினால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை, பிளக் வயரை டிரைவர் பக்கக் கதவுக் கைப்பிடியில் ஒரு சுற்று சுற்றி விடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் சார்ஜரையும் இழுத்துக்கொண்டு கிளம்புவீர்கள்.

பிளக் இல்லாத இடத்துக்கு, வெயில் விழுந்தால் 10 அல்லது 20 வாட் சோலார் பேனல், நடுவில் அதிகமாக ஏறாமல் தடுக்கும் கன்ட்ரோலர் கட்டாயம். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் பொம்மைப் பேனல்களை நம்ப வேண்டாம், பல வண்டிகளில் சாவி எடுத்ததும் அந்தத் துளையே செத்துவிடும்.

நிழல்வண்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழைய வண்டியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 11.9 வோல்ட். டெர்மினல் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. புதியது 12.5. ஏஜிஎம் மோடு உள்ள 5 ஆம்பியர் ஒன்று வாங்கலாம் என்று முடிவு. பழையதற்கு ஏற்றினால் போதுமா, பேட்டரியே மாற்ற வேண்டுமா?

ஆசிட்வாசம் எழுதியது:

11.9 என்றால் கிட்டத்தட்டக் காலி. 12.6-க்கு மேல் இருந்தால் நிறைவு, 12.2 பாதி. ஏஜிஎம் இன்னும் சற்று மேலே, 12.8 வாக்கில் நிற்க வேண்டும், அதனால் புதியதும் முழுதாக இல்லை. நல்ல ஓட்டம் ஓடி வந்த பிறகு பிளக் இருக்கும் இடத்துக்கு மாற்றி ஒரு ராத்திரி போட்டு எடுங்கள்.

பழையதற்கு முதலில் டெர்மினலைக் கழற்றி, சுடுதண்ணீரில் சமையல் சோடா கலந்து பிரஷ்ஷால் தேயுங்கள், மூடி வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர், மிச்சம் ஏறி முடிந்த பிறகு. ராத்திரி முழுக்க ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, எதுவும் மாட்டாமல் மறுநாள் வரை விட்டு அளந்து பாருங்கள். ஏற்றின உடனே அளந்தால் எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான். 12.5-க்கு மேல் நின்றால் கடையில் ஒரு லோடு டெஸ்ட் (பெரிய கரண்ட்டை இழுத்து வோல்ட் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்து பார்க்கலாம். 12.2-க்கு இறங்கிவிட்டால், அல்லது செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் 9.6-க்குக் கீழே விழுந்தால், புது பேட்டரிதான் வாங்க வேண்டும், சார்ஜரை அதற்குப் பயன்படுத்துங்கள்.