தொடைக்கறி 100 கிராமில் புரதம் 22ஆ, 29ஆ?

ஒல்லிக்கறி:
மாட்டின் பின்தொடையில் கொழுப்பில்லாத துண்டாகப் பார்த்து வாங்குகிறேன். உறையில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது; போனில் இருக்கும் செயலி 29 என்கிறது. எதை நம்புவது? எனக்கு இரும்புச்சத்து குறைவு, கொலஸ்ட்ராலும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு கணக்கு.

தராசுக்காரி:
இரண்டுமே சரிதான். 22 பச்சைக்கறிக்கு, 29 வெந்த கறிக்கு. வேகும்போது புரதம் கூடுவதில்லை, தண்ணீர்தான் வெளியேறுகிறது. எடை மெஷின் இல்லாமல் நான் அடுப்பையே பற்றவைக்க மாட்டேன் (வீட்டில் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்). 100 கிராம் பச்சைக்கறி வெந்தபின் சுமார் 75 கிராமில் வந்து நிற்கும். அதற்குள் அதே 22 கிராம்தான். பச்சையாக நிறுத்துவிட்டு 29 என்று பதிந்தால், சாப்பிடாத 7 கிராம் கணக்கில் ஏறிவிடும்.

கலோரியையும் நீங்களே சரிபார்க்கலாம். புரதம் 22 கிராம், கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பு 4 கிராம், கிராமுக்கு 9. மொத்தம் 124. மாவுச்சத்து கிடையாது, நார்ச்சத்தும் கிடையாது. ஆனால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி! கறியைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டுச் சட்டியில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

இரும்பு 2 முதல் 2.5 மி.கி. வரை. பருப்பிலும் கீரையிலும் இதைவிட அதிகம் இருக்கலாம், ஆனால் கறியில் பாதியளவு ஹீம் இரும்பு (ரத்தத்திலும் தசையிலும் உள்ள சிவப்பு நிறமியில் இருக்கும் வகை). உடல் அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளும். கூடவே சாப்பிடும் பருப்பின் இரும்பையும் கறி இழுத்துக்கொடுக்கும். பி12, துத்தநாகம் இரண்டும் தாராளம்.

நடைவண்டி:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கொழுப்பை வெட்டி எறிந்தால் கொலஸ்ட்ராலும் போய்விடாது. அது சதையின் செல் சவ்விலேயே இருக்கிறது. ஒல்லியான துண்டிலும் 60 மி.கி. அளவுக்கு இருக்கும். குறைவது நிறைவுறு கொழுப்பு. எல்டிஎல்லை (கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்களே, அதை) அதிகம் ஏற்றிவிடுவது அதுதான், ஆகவே உங்கள் தேர்வு சரி.

ஒல்லிக்கறி:
நன்றி இருவருக்கும். அப்படியானால் தினமும் 150 கிராம் சாப்பிடலாமா?

தராசுக்காரி:
வேண்டாம். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சிவப்பு இறைச்சிக்குச் சொல்லும் உச்சவரம்பு வாரத்துக்கு 350 முதல் 500 கிராம். அது வெந்த எடை; 500 என்றால் பச்சையில் சுமார் 700. வாரத்தில் மூன்று நாள் போதும். இரும்பு ஏன் குறைந்தது என்று மருத்துவரிடம் கேட்டீர்களா? ரத்தம் எங்காவது போய்க்கொண்டிருந்தால் கறி எவ்வளவு தின்றாலும் ஈடுகட்டாது.