அமெரிக்க ஆர்டர் நின்றுவிட்டது, உள்ளூருக்கு மாறலாமா?

பனியன்காரன் (2025 அக்டோபர் 14)
திருப்பூரில் 40 மெஷின். ஒரே அமெரிக்க பையரை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் 27-இல் அமெரிக்காவில் இறக்குமதி வரி 50 சதவீதமானதும், ஏறியதில் பாதியை விலையில் குறைக்கச் சொன்னார். பீஸுக்கு எனக்கு நிற்பதே பதினைந்து ரூபாய், எங்கே குறைப்பது? தைத்து முடித்த 6,000 டி-ஷர்ட் பெட்டியிலேயே கிடக்கிறது. இங்கே காதர்பேட்டை மொத்தச் சந்தையில் தள்ளிவிட்டு உள்ளூருக்கே தைக்கலாமா?

கட்டிங் மாஸ்டர்
தம்பி, 2020-இல் கொரோனா சமயம் நானும் இப்படித்தான் திரும்பினேன். தைப்பதில் ஒரு சிரமமும் இல்லை. மாட்டிக்கொண்டது கடனில்.

முதலில் அந்த 6,000 பீஸ். லேபிள் தைத்ததா, கழுத்தில் பிரிண்ட் அடித்ததா? தைத்ததென்றால் பிரித்துவிடலாம். எப்படியானாலும், விற்றுக்கொள்ளலாம் என்று பையரிடம் மெயிலில் வாங்கிவிடுங்கள். பிறகு அவர் பிராண்டு காதர்பேட்டையில் தொங்கினால் வம்பு உங்களுக்குத்தான்.

புது ஆர்டருக்குப் பழைய பேட்டர்ன் ஆகாது. அவர்கள் எம் சைஸ் நம் ஊர் எல் சைஸ். துணியிலும் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனக்கணக்கு) போட்டால் கடைக்காரர் கையில் தடவிப் பார்த்து மெச்சுவார், விலை சொன்னதும் 150 ஜிஎஸ்எம் இருக்கிறதா என்பார்.

அப்புறம் பணம். கொல்கத்தா, டெல்லி பார்ட்டிகள் மூன்று மாதக் கடன் கேட்பார்கள். நூல்காரரும் சாயப்பட்டறையும் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். நான் கொடுத்த சரக்குக்கு ஒருவர் எட்டாம் மாதம் பாதிப் பணமும், மீதிக்கு விற்காத பீஸும் அனுப்பினார்! உத்யம் பதிவு, அதாவது சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு, இல்லையென்றால் இன்றே எடுங்கள். 45 நாளுக்குள் தராமல் நிதியாண்டு முடிந்தும் இழுத்தால் வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. அதைச் சொன்னாலே சிலர் அசைகிறார்கள்.

ஓவர்லாக்
ஜிஎஸ்டி 2,500 ரூபாய் வரை 5 சதவீதமாகிவிட்டதே, அது உதவாதா அண்ணா?

கட்டிங் மாஸ்டர்
அவர் 250 ரூபாய் சரக்குக்கு அது முன்பும் 5-தான். தீபாவளிக் கொள்முதலும் முடிந்துவிட்டது, பொங்கலைப் பார்க்க வேண்டியதுதான். மெஷினை முழுக்கத் திருப்ப வேண்டாம், பத்தில் ஆரம்பியுங்கள். மீதிக்கு ஐரோப்பிய பையர் யாராவது சின்ன ஆர்டர் தந்தாலும் விடாதீர்கள்.

பனியன்காரன்
நன்றி அண்ணா. இப்போதுதான் ஒரு பெட்டியைப் பிரித்தேன். கழுத்துக்குள் பிரிண்ட்தான். ஒரு எம் எடுத்து மச்சானுக்கு மாட்டினேன், தோள் தையல் பாதிக் கையில் இறங்கி நிற்கிறது. பையருக்கு மெயில் போட்டுவிட்டேன்.